வீட்டில் தூங்கும் லேப்டாப்பை டிவியோடு இணைப்போம்



நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் சிலர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பிள்ளைக்கு ஸ்கூலில் கொடுத்த லேப்டாப் பீரோ மேல் கிடக்கிறது, ஆன் செய்தால் எழுந்து வரவே பத்து நிமிடம் ஆகிறது, பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமா என்பது அந்தக் கேள்வி. கூடவே இன்னொரு செய்தியும் சொல்கிறார்கள்: ஹாலில் உள்ள டிவியில் யூடியூப் வராது, அதனால் தவணையில் ஸ்மார்ட் டிவி எடுக்கப் போகிறோம் என்று. இந்த இரண்டுக்கும் சேர்த்து நாம் சொல்லும் பதில், அந்த லேப்டாப்பை அந்த டிவியோடு இணைத்துவிடுங்கள் என்பதுதான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 30,000 ரூபாய் டிவியை மாதம் 3,000 வீதம் 12 தவணையில் எடுத்தால் கட்டி முடிக்கும்போது 36,000 ஆகியிருக்கும். மேலே போன 6,000 ரூபாய்க்கு என்ன பெயர் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மில் வேலையிலும் தறியிலும் வரும் சம்பளத்தில் ஒரு வருடம் முழுக்க அந்த வட்டியைச் சுமப்பதற்குப் பதில், பழைய லேப்டாப்புக்கு ஒரு எஸ்எஸ்டியும் ஒரு எச்டிஎம்ஐ வயரும் வாங்கினால் பெரும்பாலான வீடுகளின் தேவை தீர்ந்துவிடும். வாங்கும் முன் விலையை ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இரண்டு கடையிலாவது விசாரியுங்கள்.

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு எல்காட் நிறுவனம் மூலம் லட்சக்கணக்கில் வாங்கிக் கொடுத்தார்கள். அவற்றில் பல, விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸையும் சேர்த்தே வந்தன. ஆன் செய்ததும் இரண்டு பெயர் வரும், பிள்ளைகள் விண்டோஸைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த இன்னொரு பெயர் என்ன என்று கேட்ட வீடுகள் குறைவு. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, அரசு அலுவலகக் கணினிகளில் பாஸ் லினக்ஸைப் போட்டுக்கொள்ளும்படி தமிழ்நாடு அரசு தன் துறைகளுக்குச் சொன்னது. இப்போது அதே கதை மறுபடி நடக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 பழைய இயந்திரங்களை ஏற்பதில்லை. அதனால் கடைக்காரர் "இது இனி வேலைக்கு ஆகாது" என்கிறார். அவர் சொல்வது விண்டோஸுக்குப் பொருந்தும். இயந்திரத்துக்குப் பொருந்தாது.

லினக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. பின்லாந்தில் கல்லூரி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல் எழுதத் தொடங்கியது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் திருத்திக் கொடுப்பவர் அதே உரிமையை அடுத்தவருக்கும் கொடுத்தாக வேண்டும், பூட்டிவைத்துச் சொந்தம் கொண்டாடக் கூடாது. இந்த நிபந்தனையைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு வக்ஃபு சொத்தின் ஞாபகம் வருகிறது. இரண்டும் ஒன்றல்ல, ஆனாலும் நம் மக்களுக்குப் புரியவைக்க இதைவிட எளிய உவமை கிடைக்கவில்லை.

எந்த இயந்திரம், எந்த டிவி

லேப்டாப்பில் ரேம் 4 ஜிபியாவது இருக்கட்டும். 2 ஜிபி இருந்தால் ஓடும், ஆனால் பிரவுசர் திறந்ததும் மூச்சு வாங்கும். ரேமைவிட முக்கியம் ஹார்டு டிஸ்க். பத்து வருடம் சுழன்ற டிஸ்கைக் கழற்றிவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால், பத்து நிமிடம் எடுத்த லேப்டாப் ஒரு நிமிடத்துக்குள் எழும். கழற்றிய டிஸ்கைத் தூக்கி எறியாதீர்கள். அதில் நிக்காஹ் போட்டோவும் மார்க் ஷீட் நகலும் இருக்கும். யுஎஸ்பி உறை ஒன்றில் போட்டால் வெளி டிஸ்காகப் பயன்படும்.

டிவியில் எச்டிஎம்ஐ துளை இருந்தால் ஒரே வயரில் படமும் சத்தமும் போகும். லேப்டாப்பில் விஜிஏ மட்டும் இருந்து, டிவியிலும் அது இருந்தால் படம் மட்டும்தான் வரும். சத்தத்துக்கு ஹெட்போன் துளையிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். குழாய் டிவி வைத்திருப்பவர்கள் இதற்கு மெனக்கெட வேண்டாம். மாற்றி போட்டுப் படம் பார்க்கலாமே தவிர, பாடத்தின் எழுத்து தெரியாது.

புதிதாகப் பழகுவோருக்கு நாம் சொல்வது லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான வகை. மின்ட் 22க்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். டிவி பார்ப்பதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்றால் லிப்ரேஎலெக் என்று ஒன்று இருக்கிறது. ஆன் செய்ததும் நேராக டிவித் திரைதான். ஆனால் அதில் பிள்ளை உட்கார்ந்து கட்டுரை எழுத முடியாது. ஒரே கணினி உள்ள வீட்டுக்கு மின்ட்தான் சரி.

மின்ட்டை இறக்கி, எட்சர் போன்ற ஒரு கருவியால் 8 ஜிபி பென் டிரைவில் எழுத வேண்டும். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். பிறகு லேப்டாப்பை ஆன் செய்யும்போது பூட் மெனுப் பட்டனைத் தட்டுங்கள். லெனோவா, ஏசர், டெல்லில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. நிறுவாமலே பென் டிரைவிலிருந்து மின்ட் ஓடும். அந்த நிலையிலேயே டிவியை இணைத்து, படம், சத்தம், வைஃபை மூன்றையும் சோதித்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் நிறுவுங்கள்.

நிறுவியபின் சாஃப்ட்வேர் மேனேஜரில் கோடி என்ற செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். (பெயர்தான் கோடி, விலை ஒரு காசும் இல்லை.) நம்மிடம் உள்ள வீடியோ, ஆடியோ, போட்டோக்களைக் கட்டிலில் உட்கார்ந்தே பார்க்கும்படி பெரிய எழுத்தில் அடுக்கிக் காட்டும். கோர் என்ற ஆண்ட்ராய்டு ஆப்பைப் போட்டால், ஒரே வைஃபையில் உள்ள போனே ரிமோட் ஆகிவிடும். மஃரிப் பாங்கு கேட்டதும் அடுப்படியிலிருந்தே நிறுத்தலாம். கோடி தானாக எந்தப் படமும் தராது. திருட்டுப் படம் காட்டும் இணைப்புகளைச் சிலர் விற்கிறார்கள். பிறர் உழைப்பைக் காசு கொடுக்காமல் எடுப்பதற்கு நாம் வழி சொல்லமாட்டோம்.

பிள்ளைகளுக்கு முக்கியமானது பிரவுசர். 2019ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் உள்ளன. பள்ளிப் பாடப் புத்தகத்தில் கியூஆர் கோடுக்குக் கீழே ஆறு எழுத்துக் குறியீடு இருக்கிறதல்லவா, அதை தீக்‌ஷா தளத்தில் தட்டினால் அந்தப் பாடத்தின் வீடியோ வரும். உள்ளங்கை அளவு போனில், கதவைச் சாத்திக்கொண்டு பார்த்ததை, ஹாலில் எல்லோர் கண்முன்னும் பார்ப்பார்கள். இதை ஒரு சிறு லாபமாக நாம் நினைக்கவில்லை.

கோளாறு வந்தால்

ஹதீஸ் கலை படித்தவர்கள் ஒரு செய்தி பலவீனமாக இருந்தால் அறிவிப்பாளர் வரிசையில் ஒவ்வொருவராகப் பார்த்துப் போவார்கள். இங்கும் அதே முறைதான். கணினி, வயர், டிவி என்று வரிசையாக நிறுத்தி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். வயரை மாற்றும்போதே செட்டிங்கையும் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. மாற்றியதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

அதிகம் வரும் புகார்: டிவியில் படம் வருகிறது, சத்தம் லேப்டாப்பிலிருந்தே வருகிறது. மின்ட்டில் சத்தத்துக்கான செட்டிங்கைத் திறந்து வெளியீட்டை எச்டிஎம்ஐ என்று மாற்றுங்கள். பட்டியலில் எச்டிஎம்ஐ இல்லையென்றால், முதலில் டிவியை ஆன் செய்து, பிறகு லேப்டாப்பை ஆன் செய்து பாருங்கள். கோடிக்குள் ஆடியோ வெளியீடு என்று தனியாக ஒன்று உண்டு, அதையும் மாற்ற வேண்டும். பின்னணிச் சத்தம் கேட்டு, பேச்சு மட்டும் கேட்காமல் போனால், கோடியில் சேனல் எண்ணிக்கை 5.1 என்று இருக்கும். சாதாரண டிவிக்கு அதை 2.0 ஆக்குங்கள். பேச்சு நடு ஸ்பீக்கருக்குப் போகிறது, அந்த ஸ்பீக்கர் நம் வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

படத்தின் ஓரங்கள் வெட்டப்பட்டால் கோளாறு கணினியில் இல்லை. டிவி ரிமோட்டில் படத்தின் அளவை ஸ்கிரீன் ஃபிட் அல்லது ஜஸ்ட் ஸ்கேன் என்று மாற்றுங்கள்.

வைஃபை தெரியவில்லையென்றால், போனை யுஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் போட்டு இணையம் கொடுங்கள். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால், பிராட்காம் சிப் உள்ள லேப்டாப்களுக்குத் தேவையான டிரைவரை அதுவே காட்டும்.

இன்னொன்று எல்லோரையும் குழப்புவது. வைஃபை இணைந்திருக்கும், ஆனால் எந்த இணையதளமும் திறக்காது, "பாதுகாப்பில்லை" என்று எச்சரிக்கும். வைரஸ் என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். பத்துப் பதினைந்து வருடம் பின்னால் போயிருக்கும். தளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தேதி தவறினால் பிரவுசர் அவற்றை நம்ப மறுக்கும். உள்ளே பொத்தான் அளவில் ஒரு பேட்டரி செத்திருக்கிறது. பெரும்பாலும் சிஆர்2032 என்ற வகை, சில லேப்டாப்பில் வயரோடு வரும். அதை மாற்றினால் முடிந்தது.

வீடியோ விட்டுவிட்டு ஓடினால், வீடியோ எந்த வகை என்று பாருங்கள். 2011ஐ ஒட்டி வந்த இன்டெல் சிப்கள் எச்.264 வகையைச் சிரமமில்லாமல் விரிக்கும். இப்போதைய போன்களும் கேமராக்களும் எடுக்கும் எச்இவிசி வகையை அவை மூச்சு முட்டித்தான் விரிக்கும். நிக்காஹ் வீடியோ எடுப்பவரிடம் 4கே பிரதியோடு, 1080பி எச்.264 பிரதி ஒன்றும் கேட்டு வாங்குங்கள். யூடியூபுக்கு எச்264ஐஃபை என்ற பிரவுசர் இணைப்பு உதவும். கட்டணத் தளங்கள் சில, லினக்ஸ் பிரவுசருக்குத் தரம் குறைந்த படத்தையே அனுப்புகின்றன. அதற்கு நம் கையில் மருந்தில்லை.

அரை மணி ஓடியதும் தானாக அணைந்தால் அது சூடு. நம் பக்கத்துக்கே உரிய காரணம் ஒன்று இதற்கு உண்டு. ராஜபாளையத்தில் மில்லை ஒட்டிய தெருக்களிலும், பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டி பக்கமும் காற்றில் பறக்கும் பஞ்சு, லேப்டாப் ஃபேனுக்குப் பின்னால் கம்பளம் போலப் படிந்துவிடும். வெளியிலிருந்து ஊதினால் போகாது. பின்பக்க மூடியைக் கழற்றி, ஃபேனுக்கும் வெப்பத்தகட்டுக்கும் நடுவே உள்ள பஞ்சை பிரஷ்ஷால் உருவி எடுக்க வேண்டும். வருடம் ஒரு முறை செய்தால் போதும். மூடியைச் சாத்தி வைத்து ஓட்டுபவர்கள், பவர் மேனேஜரில் "மூடினால் தூங்கு" என்பதை நிறுத்திவிட்டு, மூடியை நாலு விரல் திறந்தே வைக்கட்டும்.

சில விஷயங்களில் மட்டும் அலட்சியம் கூடாது. லேப்டாப்பின் அடிப்பாகமோ டச் பேடோ மேலே எழும்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. உடனே அணைத்து, சார்ஜரை எடுத்து, பேட்டரியைக் கழற்றச் செய்யுங்கள். குத்தவோ அழுத்தவோ வேண்டாம், தீப்பிடிக்கும். பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் பல லேப்டாப்கள் ஓடும், கரண்ட் போனால் அணையும். அடுத்தது, லேப்டாப்பைத் தொட்டால் சுருக்கென்று அடித்தால், எர்த் இல்லாத சாக்கெட்டில் சொருகியிருக்கிறீர்கள். அந்த நிலையில் எச்டிஎம்ஐ வயரைச் சொருகினால் டிவியின் துளையே போய்விடலாம். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபாருங்கள். மூன்று முள் பிளக்கை இரண்டாக்கும் அடாப்டரைத் தூக்கிப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் பிளக்கை மட்டுமல்ல, செட்டாப் பாக்ஸில் சொருகிய கேபிள் வயரையும் கழற்றுங்கள். இடி அந்த வயர் வழியாகவும் வீட்டுக்குள் வரும்.

லேப்டாப்பைப் பார்க்கச் சொல்லி அலுவலகத்துக்கு எடுத்து வருபவர்கள் சார்ஜரையும் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றையும் கூட எடுத்து வாருங்கள். குடும்பப் போட்டோக்களை முன்பே வேறு டிஸ்கில் நகல் எடுத்துவிடுங்கள். பெண் பிள்ளைகளின் லேப்டாப் என்றால் அவர்களே அத்தாவோடோ அண்ணனோடோ வரட்டும். அதில் உள்ளதை அவர்கள் கையாலேயே எடுத்துவைத்தபின் நாம் தொடுவோம், இன்ஷா அல்லாஹ்.