ஒரே கம்ப்யூட்டர், மூணு பேரு

நம்ம லேப் மூலையில இருக்கிற பழைய கம்ப்யூட்டர்தான் இப்போ சர்வர். அதில் நூலகப் பட்டியல், சுவரிதழ், வினாடிவினா என மூன்று தளங்கள் ஓடுகின்றன. கம்ப்யூட்டர் ஒண்ணு, அதோட முகவரி எண்ணும் ஒண்ணு. அப்புறம் எப்படி மூணும் தனித்தனியா திறக்குது?

ஒரே கதவு எண்ணில் மூன்று குடும்பம் இருந்தால் தபால்காரர் உறையில் உள்ள பெயரைப் பார்ப்பார். அதேதான் இங்கேயும். பிரவுசர் அனுப்பும் கேள்வியில் 'ஹோஸ்ட்' என்று ஒரு வரி இருக்கும். 1997-ல் வந்த எச்.டி.டி.பி. 1.1 அதைக் கட்டாயமாக்கியது. சர்வர் அந்தப் பெயரைப் பார்த்து உரிய தளத்தைத் தரும். இதுதான் 'வர்ச்சுவல் ஹோஸ்ட்'.

வினாடிவினா மட்டும் வேற. அது 3000-ம் போர்ட்டில் ஓடும் தனி புரோகிராம். ஆபீஸ் ஜன்னல்ல டி.சி. கேட்டா, உள்ளே பீரோவிலிருந்து எடுத்து ஜன்னல் வழியாவே தர்றாங்கல்ல? அப்படி முன்னால் நின்று வாங்கித் தருவது 'ரிவர்ஸ் புராக்ஸி'. நம்மிடம் இருப்பது என்ஜின்எக்ஸ். ரஷ்யாவின் இகோர் சிசோயேவ் எழுதி 2004-ல் வெளியிட்டது.

இனி என் தப்பு. நூலகத்துக்கு எழுதின கோப்பை அப்படியே காப்பி பண்ணி சுவரிதழுக்கு மாத்தினேன். ஃபோல்டரை மாத்தினேன், பேரை மறந்துட்டேன். பக்கத்துல பாத்து லீவ் லெட்டர் எழுதி அவ பேரையே போட்ட கதைதான்! சோதனைக் கட்டளை கொடுத்தேன். கடைசி வரியில 'சக்சஸ்ஃபுல்'னு வந்துச்சு, சந்தோஷமா எழுந்துட்டேன். அதுக்கு மேலே ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது, இரண்டாவது செல்லாது என்று ஒரு எச்சரிக்கை. அதைப் படிக்கவே இல்ல. கேட்ட பெயர் எங்கும் இல்லாவிட்டால் என்ஜின்எக்ஸ் முதலில் உள்ள தளத்தையே தரும். முதலில் இருந்தது நூலகம்.

அன்னைக்கு ஆறாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி தன் கவிதையைக் காட்ட அம்மாவைக் கூட்டிட்டு வந்தா. திறந்தது புத்தகப் பட்டியல். "என் கவிதையை எடுத்துட்டீங்களாக்கா?"ன்னு கேட்டா. அவங்க அம்மா முகத்தை என்னால பார்க்க முடியல.

இப்போ காப்பி பண்றதே இல்ல. போனஃபைட் சான்றிதழ்ல பெயருக்குக் கோடு விட்டிருப்பாங்கல்ல, அதுபோல ஒரு டெம்ப்ளேட். பெயருக்கு ஒரு கோடு, ஃபோல்டருக்கு ஒரு கோடு. சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று நிரப்பும். கோடு காலியா இருந்தாலோ, அதே பெயர் ஏற்கெனவே இருந்தாலோ நின்னுடும். ஒரு எச்சரிக்கை: கோட்டுக்கு அடையாளமா டாலர் குறி வைக்காதீங்க. என்ஜின்எக்ஸ் தன் சொந்த வேலைக்கும் அதையே போடும், ஸ்கிரிப்ட் அதையும் சேர்த்து அழிச்சிடும். நான் இரண்டு @ குறி வெச்சேன்.

பாப்பாவோட கவிதை இப்போ சுவரிதழ் தளத்தில் முதல் பக்கத்துல இருக்கு. மதியம் லேப் திறந்திருக்கும்.