உப்பும் சர்க்கரையும் சேர்ந்து செல்லும் வாயில்

வயிற்றுப்போக்கால் துன்புறும் குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்குமாறு கூறும்போது, "தண்ணீர் மட்டும் போதாதா? உப்பும் சர்க்கரையும் எதற்கு?" என்று உறவினர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. இதற்கான விடை, நம் உயிரணுக்களின் சவ்வில் பதிந்துள்ள நுண்ணிய இறைப்பான் ஒன்றில் அடங்கியுள்ளது.

உயிரணுவுக்கு வெளியே சோடியம் மிகுதி. உள்ளே பொட்டாசியம் மிகுதி. மிகுதியான இடத்திலிருந்து குறைவான இடத்திற்குப் பரவுவதே பொருள்களின் இயல்பு. அந்த இயல்புக்கு எதிராக அயனிகளைக் கடத்த, பள்ளத்து நீரை மேட்டுக்கு இறைப்பதைப் போல, ஆற்றலைச் செலவிட வேண்டும். சோடியம்-பொட்டாசியம் இறைப்பான் என்னும் புரதம், ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து, 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே சேர்க்கிறது. டென்மார்க் அறிவியலாளர் ஜென்ஸ் ஸ்கூ, நண்டின் நரம்புகளை ஆராய்ந்து 1957-இல் இதனை வெளியிட்டார். 1997-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

சிறுகுடலின் உட்சுவர் உயிரணுக்களில் இந்த இறைப்பான் இரத்தத்தை நோக்கிய பக்கத்தில் அமைந்துள்ளது. அது ஓயாமல் சோடியத்தை வெளியேற்றுவதால், உயிரணுவின் உள்ளே சோடியம் குறைந்தே இருக்கிறது. ஆகவே குடலிலுள்ள சோடியம் உள்ளே நுழைய முற்படுகிறது. குடலை நோக்கிய பக்கத்திலுள்ள புரத வாயில் ஒன்று, 2 சோடியம் அயனிகளும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் சேர்ந்து வரும்போது அவற்றை உள்ளே விடுகிறது. அவற்றைப் பின்தொடர்ந்து நீரும் உடலுக்குள் செல்கிறது.

காலரா நச்சு, குடல் உயிரணுக்களிலிருந்து உப்பையும் நீரையும் பெருமளவில் வெளியேறச் செய்கிறது. ஆயினும் சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து நுழையும் இந்த வாயிலை அது அடைப்பதில்லை. 1971-இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பு வழி செலுத்தும் திரவம் போதாத நிலையில், மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் குழுவினர் இந்தக் கரைசலை வாய்வழியே கொடுத்தனர். 30 சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு, 4 சதவீதத்திற்கும் கீழே இறங்கியது.

இன்றைய உலக சுகாதார நிறுவனக் கரைசலில் சோடியமும் குளுக்கோசும் லிட்டருக்கு 75 மில்லிமோல் என்று சம அளவில் உள்ளன. சர்க்கரை மிகுந்தால் அது நீரைக் குடலுக்குள் இழுத்து, வயிற்றுப்போக்கை மேலும் பெருக்கும். உப்பு மிகுந்தால் இரத்தத்தில் சோடியம் அபாய அளவுக்கு உயரக்கூடும். எனவே பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம்:

• பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவு தூய குடிநீரில், முழுப் பொட்டலத்தையும் கரைக்கவும். வேறு சர்க்கரையோ உப்போ பழச்சாறோ சேர்க்க வேண்டாம்.
• சிறு குழந்தைக்குக் கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுக்கவும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மெதுவாக மீண்டும் தொடரவும்.
• கரைத்து 24 மணி நேரம் கடந்தால், எஞ்சியதைக் கொட்டிவிடவும்.
• தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்த வேண்டாம்.
• சிறுநீரக நோயோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு அருந்தவும்.

குழந்தை சோர்ந்து மயங்கினாலோ, கண்கள் குழிந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். வரும் வழியிலும், விழிப்புடன் இருந்து விழுங்க முடிந்தால், கரைசலைக் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.