எஞ்சியவையும் ஊட்டமாகும்

நெல்லை அரைத்து அரிசியைப் பிரித்தபின் தவிடும் குருணையும் எஞ்சுகின்றன. நிலக்கடலையிலிருந்து எண்ணெய் எடுத்தபின் பிண்ணாக்கு எஞ்சுகிறது. மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசிக்கான மாவைப் பிரித்தபின் திப்பி எஞ்சுகிறது. வேளாண்மையின் இத்துணைப்பொருள்கள் காலங்காலமாகக் கால்நடைகளின் பசியாற்றி வருகின்றன. கறிக்கோழித் தீவனத்திலும் இவற்றுக்கு இடமுண்டு.

ஏறத்தாழ 40 கிராம் எடையுடன் பண்ணைக்கு வரும் குஞ்சு, சுமார் 6 வாரங்களில் 2 கிலோ எடையை எட்டுகிறது. இவ்விரைவான வளர்ச்சிக்குச் செறிவான தீவனம் வேண்டும். வளர்ப்புச் செலவில் 60 முதல் 70 விழுக்காடு தீவனத்திற்கே செல்கிறது. மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும் அதன் முதன்மைப் பொருள்கள். இவற்றின் விலை உயருங்கால் பண்ணைத் தொழில் நலிவுறுகிறது. இவற்றில் ஒரு பகுதிக்கு மாற்றாக, அருகில் கிடைக்கும் துணைப்பொருளைச் சேர்த்தால் செலவு குறையும்.

அளவறிந்து சேர்த்தல்

ஆயினும், மாட்டிற்கு உகந்தவை அனைத்தும் கோழிக்கு உகந்தவை அல்ல. மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் நாரைச் சிதைத்து ஆற்றலாக மாற்றுகின்றன. கோழியின் குடலமைப்பு அதற்கு ஏற்றதன்று. எனவே நார் மிகுந்த திப்பியையும் தவிட்டையும் அளவோடுதான் சேர்த்தல் வேண்டும். திப்பியில் மாவுச்சத்து உண்டு. புரதமோ மிகக் குறைவு. கடலைப் பிண்ணாக்கில் புரதம் மிகுதி. லைசின், மெத்தியோனின் ஆகிய அமினோ அமிலங்கள் குறைவு. ஒன்றின் குறையை மற்றொன்றால் நிரப்புவதே தீவனக் கலவையின் அடிப்படை.

தவிட்டிலுள்ள பாஸ்பரசின் பெரும்பகுதி, கோழி செரிக்க இயலாத பைட்டேட் வடிவில் உள்ளது. பைட்டேஸ் என்னும் நொதியைத் தீவனத்தில் கலந்தால் அச்சத்து கோழிக்குக் கிட்டும். நெல் அரைபட்டவுடன் தவிட்டின் எண்ணெய் சிதையத் தொடங்கும். எனவே தவிட்டைப் புதியதாகவோ எண்ணெய் நீக்கியோ பயன்படுத்துவர்.

காத்துப் பயன்படுத்தல்

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. காரணம் அறியப்படாமையால் அதனை ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்றழைத்தனர். பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை தோற்றுவித்த நச்சே காரணம் என்பது பின்னர் ஆய்வில் புலனாயிற்று. அஃப்ளடாக்சின் என்னும் அந்நச்சு கல்லீரலைத் தாக்கும். சமைக்கும் வெப்பத்தாலும் முற்றிலும் அழியாது. ஆதலால் பூஞ்சை தோன்றாமல் தடுப்பதே தலையாய காப்பாகும். கடலையையும் பிண்ணாக்கையும் நன்கு உலர்த்துதல், மூட்டைகளைத் தரையில் படாமல் மரச்சட்டங்களின்மேல் அடுக்குதல், மழைநீர் புகாமல் காத்தல், நச்சின் அளவை ஆய்வகத்தில் சோதித்தல் ஆகியன இன்றியமையாதவை.

மலிவாகக் கிடைப்பதனால் மட்டுமே ஒரு பொருள் தீவனமாகிவிடாது. அதன் சத்தையும் குறையையும் அறிந்து, அளவோடு கலந்து, கெடாமல் காக்கும்போதே வயலிலும் ஆலையிலும் எஞ்சியது ஊட்டமாகிறது.