உங்க வீட்டுக்குக் கீழே என்ன மண்?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வாசிகளுக்கு ஒரு மண் பாடம்

ஐப்பசி மழை ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்த சாயங்காலம். பெசன்ட் நகரில் மழை விட்ட கொஞ்ச நேரத்திலேயே வீட்டு வாசல் மணல் தண்ணீரைக் குடித்துவிடுகிறது. தி.நகரில் ஓர் உட்தெரு வீட்டின் காம்பவுண்டுக்குள் அதே மழைத்தண்ணி மறுநாள் காலை வரை நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். வானம் ஒன்று, மழை ஒன்று. வித்தியாசம் காலுக்குக் கீழே இருக்கிறது.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? பக்கத்து வீட்டில் போட்ட மாதிரியே ஒரு மழைநீர்க் குழி. தெரிந்தவர் சொன்ன ஆழத்துக்கு ஒரு போர். மேஸ்திரி சொன்ன அளவில் ஓர் அஸ்திவாரம். "நம்ம ஏரியாவுல எல்லாரும் இப்படித்தான் போடறாங்க" என்று லட்சக்கணக்கில் செலவழித்த பிறகு போரில் உப்புத்தண்ணி வருகிறது, அல்லது சுவர் விரிசல் விடுகிறது. செலவு செய்யும் முன், உங்க மனைக்குக் கீழே எந்த மண் எந்த வரிசையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்கான எளிய பாடம் இது.

ஆறும் கடலும் அடுக்கிய மண்

தென் சென்னையின் மண் பெரும்பாலும் வண்டல் மண். அடையாறும் கூவமும் வெள்ளக் காலங்களில் கொண்டுவந்து போட்டது ஒரு பங்கு, கடல் கரையில் ஒதுக்கியது ஒரு பங்கு. ஓடும் தண்ணீர் மண்ணைச் சலித்துப் பிரிக்கும். வேகமாக ஓடும்போது கனமான மணல் படியும். வேகம் குறைந்து தேங்கும் இடத்தில் நுண்ணிய களிமண் படியும். ஆறு தன் பாதையை மாற்றும்போது, நேற்று மணல் படிந்த இடத்தில் இன்று களி படியும். அதனால்தான் குழி வெட்டினால் கேக் மாதிரி அடுக்கடுக்காகத் தெரிகிறது: மணல், களி, மறுபடியும் மணல்.

பாலைவனத்திலும் வண்டல் மண் உண்டு. ராஜஸ்தானில் லூனி ஆறு ஓடும் பகுதியைப் போன்ற இடங்களில், எப்போதாவது வரும் வெள்ளம் மண்ணைக் கொண்டுவந்து அடுக்குகிறது. ஆனால் அங்கே மழை குறைவு. உப்பையும் சுண்ணாம்பையும் ஆழத்துக்குக் கழுவிவிடும் அளவுக்குத் தண்ணீர் இறங்குவதில்லை. அவை மண்ணுக்குள்ளேயே தங்கி, நாளடைவில் கெட்டியான சுண்ணாம்பு அடுக்காகிவிடும். சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை கிடைக்கிறது. மழைநீர் உள்ளே இறங்கினால் மண்ணில் உள்ள உப்பைக் கழுவிக் கீழே கொண்டுபோகும். அதை இறங்க விடாமல் சிமென்ட் போட்டு மூடினால், அந்த இயற்கை உதவியை நாமே தடுக்கிறோம்.

மேலிருந்து கீழே என்னென்ன?

நகரத்தில் ஒரு குழி வெட்டினால் பொதுவாக இந்த வரிசையைப் பார்க்கலாம்:

1. கொட்டிய மண்: பழைய வீட்டு இடிபாடு, செங்கல் துண்டு, மனையை மேடாக்கக் கொண்டுவந்து கொட்டிய மண். இது இயற்கை அடுக்கு இல்லை. இதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.
2. மணல் அல்லது களிமண்: இடத்துக்கு இடம் மாறும் வண்டல் அடுக்குகள். திறந்த கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.
3. சிதைந்த பாறை: பாறை மக்கிச் சரளையாகவும் மண்ணாகவும் மாறிய அடுக்கு.
4. கெட்டிப் பாறை: சென்னையின் பல பகுதிகளில் இது சார்னகைட் என்ற கருங்கல். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இது வெளியே தெரிகிறது.

இந்தக் கடைசிப் பாறைக்கு ஒரு சுவையான கதை உண்டு. கொல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறையில் பதித்த கல்லும் இதே வகைதான். அதைக் கவனித்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், சார்னக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். இன்று உலகம் முழுக்கப் புவியியல் பாடத்தில் வரும் அந்தப் பெயரின் கல், நம்ம பல்லாவரத்துக் கல்.

இந்த அடுக்குகளின் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம், சைதாப்பேட்டையின் ஒரு பகுதி ஆகிய இடங்களில் பாறை சீக்கிரமே வந்துவிடும். கடற்கரைப் பக்கம் மணல் ஆழமாக இருக்கும். அடுத்தடுத்த இரண்டு மனைகளிலேயேகூட வித்தியாசம் இருக்கலாம்.

மூன்று ஊர், மூன்று மண்

அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர்: பெரும்பாலும் மணல். தண்ணீர் சட்டென்று இறங்கும். மழைநீரைச் சேமிக்க இதைவிட நல்ல மண் கிடையாது. ஆனால் இறங்கும் வேகத்திலேயே வடிந்தும் போகும். கழிவுநீர் கசிந்தால் அதுவும் அதே வேகத்தில் கிணற்றைச் சேரும். பக்கத்திலேயே கடல், முகத்துவாரம் வேறு.

தி.நகர், மேற்கு மாம்பலம்: பெரும்பாலும் களிமண். காரணம் ஊரின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1920-களில் தி.நகரை உருவாக்கியபோது அங்கே இருந்தது ஒரு பெரிய ஏரி. ஆங்கிலேயர் அதை 'லாங் டேங்க்' என்று அழைத்தார்கள். ஏரியை வடித்து, மனை பிரித்து, தியாகராயர் பெயரில் நகர் அமைத்தார்கள். ஏரி போனாலும் மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்ற பெயர் இன்னும் இருக்கிறது. ஏரிப் படுகை என்றால் நுண்ணிய களி. தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் இறங்கியதை நீண்ட நாள் பிடித்து வைத்திருக்கும்.

மயிலாப்பூர்: இரண்டும் கலந்தது. சாந்தோம் பக்கம் கடற்கரை மணல். மேற்கே போகப் போகக் களிமண் கலப்பு கூடும். ஆகவே "மயிலாப்பூர்ல இப்படித்தான்" என்று யாராவது சொன்னால், எந்தத் தெரு என்று கேளுங்கள்.

குழி உங்க மண்ணுக்கு ஏற்றதா?

எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று தமிழக அரசு 2003-ல் சட்டம் கொண்டுவந்தது. பல வீடுகளில் அமைப்பு இருக்கிறது. கேள்வி, அது மண்ணுக்குப் பொருந்துகிறதா என்பதுதான்.

மணல் பகுதியில் சின்னக் கசிவுநீர்க் குழி போதும். சுமார் 3 அடி ஆழம், உள்ளே உடைந்த செங்கல் அல்லது கூழாங்கல், மேலே ஒரு அடுக்கு மணல். அவ்வளவுதான்.

களிமண் பகுதியில் அதே குழி, தண்ணீர் நிற்கும் தொட்டியாகிவிடும். கொசுதான் வளரும். அங்கே குழிக்கு அடியில் 10 முதல் 15 அடி ஆழத்துக்கு ஒரு துளை போட்டு, அதில் உடைந்த செங்கல் நிரப்ப வேண்டும். களி அடுக்கைத் தாண்டி மணல் அடுக்கைத் தொட்டால்தான் தண்ணீர் இறங்கும். களி இன்னும் தடிமனாக இருந்தால் உறை இறக்கிய ரீசார்ஜ் கிணறு நல்லது.

இரண்டிலும் பொதுவான மூன்று விதிகள்: முதல் மழையில் வரும் மாடி அழுக்கை வெளியே விடுங்கள். கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குழி வெட்டாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன், மேல் மணலைக் கழுவி மாற்றுங்கள்.

இதில் எவ்வளவு லாபம்? 1,000 சதுர அடி மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். 1,400 மி.மீ. மழைக்குச் சுமார் 1,30,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் மிஞ்சும். 12,000 லிட்டர் லாரி எட்டு லாரிக்கும் மேல். 2019 ஜூனில் ஏரிகள் வறண்டபோது லாரிக்காகக் காத்திருந்தவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை புரியும்.

"இன்னும் ஆழமா போடுங்க" – கடலோரத்தில் ஆபத்து

போரில் தண்ணீர் குறைந்தால் ஆழம் கூட்டுவதுதான் பலருக்குத் தோன்றும் தீர்வு. கடலோர மணலில் இது எதிராக வேலை செய்யும். அங்கே நல்ல தண்ணீர் தனியாக இல்லை. கனமான கடல்நீரின் மேல் அது மிதந்துகொண்டிருக்கிறது. கோட்பாட்டுக் கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். இதையே திருப்பிப் பாருங்கள். உறிஞ்சி உறிஞ்சி மேல் மட்டத்தை 1 அடி குறைத்தால், கீழிருந்து உப்பு நீர் 40 அடி வரை ஏறி வரலாம்.

ஒரு தடவை உப்பு ஏறிய அடுக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவரப் பல மழைக்காலம் ஆகும். ஒரு வீட்டுக்காரர் ஆழமாக உறிஞ்சினால் அடுத்த வீட்டுக் கிணறும் கெடும். அதனால் கடலோரத்தில் ஆழம் குறைந்த கிணறு, அளவான மோட்டார், நிறைய மழைநீர் என்பதே சரியான வழி.

தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் கடைகளில் கிடைக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி. மாதம் ஒருமுறை அளந்து போனில் குறித்து வையுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் மோட்டார் ஓடும் நேரத்தைக் குறையுங்கள். ஆனால் இந்த மீட்டர் கிருமியைக் காட்டாது. குடிக்கும் தண்ணீரை ஆய்வகத்தில்தான் சோதிக்க வேண்டும்.

கிணறோ போரோ புதிதாகப் போட முன் அனுமதி வேண்டும். சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு 1987-லிருந்தே நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது.

வீடு கட்டுகிறீர்களா? மண் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள்

சில வகைக் களிமண் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். வீடு மேலும் கீழும் லேசாக அசையும். சுவரில் சாய்வான விரிசல் வரும். அதற்காகவே அடிப்பாகம் அகன்ற 'அண்டர் ரீம்டு பைல்' முறையை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்தது. எந்த முறை என்பதைப் பொறியாளர் முடிவு செய்யட்டும். ஆனால் அறிக்கையை நீங்களும் படிக்கலாம். மூன்று விஷயம் பாருங்கள்:

அடுக்கு வரிசை: எத்தனை அடியில் என்ன மண் என்ற அட்டவணை. கொட்டிய மண் எங்கே முடிகிறது என்று பாருங்கள். அஸ்திவாரம் அதற்குக் கீழே போக வேண்டும்.

'என்' மதிப்பு: 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி விழுந்தது என்ற எண்ணிக்கை. மணலில் 10-க்குக் கீழே என்றால் தளர்வு, 30-க்கு மேல் என்றால் இறுக்கம். களியில் 4-க்குக் கீழே என்றால் மென்மை.

தண்ணீர் மட்டம்: எந்த மாதம் அளந்தது என்று கேளுங்கள். மே மாத அளவை வைத்து அடித்தளப் பார்க்கிங் கட்டினால், டிசம்பரில் தண்ணீர் உள்ளே வரலாம்.

வீட்டிலேயே இரண்டு சோதனை

பாட்டில் சோதனை: மேல் இடிபாட்டை விலக்கி, ஓரிரு அடி ஆழத்திலிருந்து மண் எடுங்கள். கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள். நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். இரண்டு மணி நேரத்துக்குள் அதன்மேல் படிவது வண்டல் தூள். ஒரு நாள் கழித்தும் கலங்கலாக நின்று பிறகு படிவது களி. மூன்று பட்டைகளையும் ஸ்கேலால் அளந்தால் உங்க மண் எது என்று தெரியும். பசங்களை வைத்தே செய்யலாம்.

குழி சோதனை: ஓர் அடி ஆழக் குழியில் தண்ணீர் ஊற்றி இறங்க விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளங்கள். சில சென்டிமீட்டருக்கு மேல் என்றால் மணல் குணம். சில மில்லிமீட்டர்தான் என்றால் களி. சாதாரணக் குழி அங்கே போதாது.

உங்க போன் உதவும்

• தெருவில் யாராவது அஸ்திவாரமோ குழாய்ப் பள்ளமோ தோண்டினால், பாதுகாப்பான தூரத்தில் நின்று படம் எடுங்கள். அடுக்குகள் அதில் தெளிவாகத் தெரியும்.
• போர் போடும் அன்று, ஒவ்வொரு 10 அடிக்கும் வெளியே வரும் மண்ணைத் தனித்தனியாக வைத்துப் படம் எடுத்து ஆழத்தைக் குறியுங்கள். அடுத்த முறை ரீசார்ஜ் கிணறு போட அதுவே வரைபடம்.
• இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் 'பூகோஷ்' தளத்தில் உங்க பகுதியின் நிலவியல் வரைபடத்தைப் பார்க்கலாம்.
• கிணறு அனுமதி, மழைநீர் சேகரிப்பு சந்தேகங்களுக்கு சென்னைக் குடிநீர் வாரியத்தின் உங்க பகுதி அலுவலகத்தை அணுகுங்கள். கட்டணமில்லா எண் 1916. தெருவில் மழைநீர் தேங்கினால் மாநகராட்சி எண் 1913.

இந்த வாரம் ஒரு பாட்டில் மண் எடுத்துக் குலுக்கிப் பாருங்கள். பிறகு வீட்டிலிருக்கும் மழைநீர்க் குழியின் மூடியைத் திறந்து, அது அந்த மண்ணுக்கு ஏற்றதுதானா என்று பாருங்கள். இல்லையென்றால் மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்த பிறகு யாரும் குழி வெட்ட வர மாட்டார்கள்.