உண்ணிக் காய்ச்சலும் கிருமியின் மேற்புரதமும்

ஆயர் தாவார் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் கால்வைக்காத மாணவர் குறைவு. லாலான் புல்லும் எலியும் உள்ள இடம் சிற்றுண்ணிக்கும் ஏற்ற இடம். அதன் கடியால் வருவதே ஸ்கிரப் டைபஸ். தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சல் என்பர். 1920களில் மலாயாவில் பிளெட்சரும் லெஸ்லாரும் இதனை நகரத்து டைபசிலிருந்து பிரித்துக் காட்டினர்.

இக்கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. அதன் மேற்பரப்பில் 56 கிலோடால்டன் எடையுள்ள புரதம் நிறைந்திருக்கிறது. நம் உயிரணுக்களின்மேல் படிந்துள்ள ஃபைப்ரோனெக்டினை அது பற்றிக்கொள்கிறது. உயிரணுவே கிருமியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வீட்டுக்காரரே திருடனுக்குக் கதவு திறப்பது போலத்தான்!

மேலைநாடுகளின் லைம் நோய்க் கிருமியோ, உண்ணியின் குடலில் ஓஸ்ப்-ஏ என்ற புரதத்தையும், உண்ணி இரத்தம் குடிக்கும்போது ஓஸ்ப்-சி என்ற புரதத்தையும் அணிகிறது. ஓஸ்ப்-ஏயைக் கொண்டு 1998இல் அமெரிக்காவில் தடுப்பூசி வந்தது. 2002இல் விற்பனை நின்றது.

ஸ்கிரப் டைபசுக்கு அப்படி ஒரு தடுப்பூசிகூட வரவில்லை. கார்ப், கேட்டோ, கில்லியம் என வகைக்கு வகை அந்த 56 கிலோடால்டன் புரதம் வேறுபடுகிறது. ஒன்றுக்கு எதிரான பாதுகாப்பு மற்றொன்றிடம் நெடுநாள் நிற்பதில்லை. ஒருமுறை கண்டவருக்கு மறுமுறையும் வரலாம்.

மருந்து உண்டு. 1948இல் கோலாலம்பூரில் ஸ்மேடல் குழுவினர் குளோரம்ஃபெனிக்கால் கொடுத்துக் குணப்படுத்தினர். இன்று டாக்சிசைக்கிளின் தருகின்றனர். பென்சிலின் பலிக்காது. தொடக்கத்தில் டிங்கி போலவே தெரிவதுதான் சிக்கல். அக்குளிலோ இடுப்பிலோ, வலிக்காத கருத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாருக்கும் அது தோன்றாது; ஆகவே தோட்டத்திற்குப் போய்வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.