முகப்பருவும் லேஸர் ஒளியும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பர். ஆயினும், அகத்தில் மாசற்ற இளைஞர் பலர் முகத்திற் பருத் தோன்றிய காரணத்தால் நாணிப் பின்வரிசையில் அமர்தலை நாம் காண்கின்றோம். திருப்பூரையடுத்த வீரபாண்டியிலே, பனியன் தொழிற்சாலைகளில் உழைக்கும் இளைஞர்க்கும் இவ்வருத்தம் உண்டு. ஆதலின் இந்நோயையும், அதற்குரிய ஒளிச்சிகிச்சையையும் ஈண்டு ஆராய்வோம்.

மயிர்க்காலை ஒட்டி நெய்ச்சுரப்பிகள் உள. குமரப்பருவத்தில் இவை மிகுதியாகச் சுரக்கின்றன. இறந்த தோலணுக்கள் துவாரத்தை அடைக்க, நெய் உள்ளே தங்குகின்றது. ஆங்குள்ள நுண்கிருமிகள் பெருகுகின்றன. உடல் அவற்றை எதிர்க்குங்கால் செம்மையும் வீக்கமும் சீழும் உண்டாகின்றன. இது அழுக்கினால் வருவதன்று. ஆதலின் முகத்தை அழுந்தத் தேய்த்தல் தீங்கே பயக்கும்.

லேஸரின் தத்துவத்தை ஐன்ஸ்டைன் 1917-இல் உணர்த்தினார். மெய்மன் என்பார் 1960-இல் முதற்கருவியை இயற்றினார். அது ஒரே நிறமுடைய ஒளி. எந்நிறத்தை எப்பொருள் உட்கொள்ளும் என்பதே சிகிச்சையின் அடிப்படை. குருதி உட்கொள்ளும் மஞ்சள் ஒளியை முதலிற் பயன்படுத்தினர். 2003-இல் வெளியான ஆங்கில நாட்டுச் சோதனையொன்று அதனால் நற்பயன் கண்டது. 2004-இல் வெளியான அமெரிக்கச் சோதனையோ குறிப்பிடத்தக்க பயன் காணவில்லை. ஒரு சோதனையைக் கொண்டே முடிவு கூறலாகாது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டன்றோ?

பின்னர், நெய்யே விரும்பி உட்கொள்ளும் 1,726 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியைத் தேர்ந்தனர். அது சுரப்பியைச் சுடவைத்து நெய்ச்சுரப்பைக் குறைக்கின்றது. மேல்தோல் குளிர்விக்கப்பட்டுக் காக்கப்படுகின்றது. இத்தகைய கருவிக்கு அமெரிக்க அரசு 2022-இல் இசைவளித்தது. சில ஒளிகளை நம் தோலின் கருநிறப்பொருள் உட்கொள்வதால் புண்ணும் கருந்தழும்பும் நேரலாம். இவ்வொளியில் அவ்வச்சம் குறைவு. எனினும் செலவு மிகுதி, தொடக்கத்திலேயே நாடத்தக்கதன்று. பென்ஸாயில் பெராக்ஸைடு, அடாபலீன் முதலிய பூச்சு மருந்துகளே பலர்க்குப் போதும்.

இதனினும் அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. முகம் வெளுக்கும் என நம்பி ஸ்டீராய்டு களிம்பைத் தாமே வாங்கிப் பூசுவோர் பலர். அது தோலை மெலிவித்துப் பருவையும் பெருக்கும். அத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்றலாகாது என 2018-இல் இந்திய அரசு விதித்தது.

நண்பர்களே, பருவைக் கிள்ளாதீர். காலந்தாழ்த்தாது தோல் மருத்துவரை நாடுவீர். பரு மறையும், தழும்பு மறைதல் அரிது. பருவுற்ற தோழரை நகையாதிருத்தலும் ஒரு சிகிச்சையே.