மண் குவளை சொன்ன பாடம்

நாமக்கல்லிலிருந்து ஒரு லாரி கொல்கத்தாவுக்குப் போனது. ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றிச் சென்றது. மிக நீண்ட பயணம். பல நாள் ஓடி லாரி கிடர்பூர் வந்து சேர்ந்தது.

கிடர்பூர் கொல்கத்தாவின் ஒரு பகுதி. ஹூக்ளி ஆற்றை ஒட்டி இருக்கிறது. அங்கே கப்பல் துறை உள்ளது. அது 100 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. துறையைச் சுற்றிக் கிடங்குகள் இருக்கின்றன. பல மாநில லாரிகள் அங்கே வரிசையில் காத்து நிற்கும்.

நாமக்கல் லாரியும் வரிசையில் நின்றது. ஓட்டுநரும் கிளீனரும் இறங்கித் தேநீர் குடித்தார்கள். அங்கே தேநீரை மண் குவளையில் தருவார்கள். குடித்தபின் குவளையை எறிந்துவிடலாம்.

அப்போது ஒரு மீட்பு வண்டி சாலையில் வந்தது. மோதி நொறுங்கிய லாரி ஒன்றை அது இழுத்துச் சென்றது. அந்த லாரியின் முன்பக்கம் அப்பளம் போல் நசுங்கி இருந்தது. ஸ்டியரிங் இருக்கையோடு ஒட்டிக் கிடந்தது.

கிளீனர் இளைஞர். வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, நேருக்கு நேர் மோதிட்டா யாரும் பிழைக்க முடியாதா?" என்று கேட்டார்.

"பிழைக்கலாம் தம்பி. அதுக்கு மூணு காரியம் வேணும். வண்டி உதவணும். பெல்ட் உதவணும். நம்ம நிதானமும் உதவணும்" என்றார் ஓட்டுநர்.

போக்குவரத்துத் துறை நடத்திய வகுப்பு ஒன்றில் அவர் இதைக் கேட்டிருந்தார்.

குவளை ஏன் உடையவில்லை?

ஓட்டுநர் தம் காலிக் குவளையைச் சிமெண்டுத் தரையில் போட்டார். அது சுக்குநூறாக உடைந்தது. தம்பியின் குவளையை வாங்கிச் சாக்குக் குவியல் மேல் போட்டார். அது உடையவில்லை.

"ஏன் உடையலை?" என்று கேட்டார்.

"சாக்கு அமுங்கிக் கொடுத்தது அண்ணே."

"அதேதான். அமுங்கும்போது குவளை மெதுவா நின்னுச்சு. சிமெண்டு அமுங்காது. அதனால ஒரே அடியில நின்னு உடைஞ்சுபோச்சு."

நல்ல காரின் முன்பக்கமும் சாக்கு போன்றதுதான். மோதும்போது அது நசுங்க வேண்டும். அப்படியே அதைச் செய்கிறார்கள். நசுங்கும் பகுதி அடியை வாங்கிக்கொள்ளும். ஆனால் ஆட்கள் இருக்கும் அறை நசுங்கக் கூடாது. அது பெட்டி போல் உறுதியாக நிற்க வேண்டும்.

'பழைய கார் இரும்புக் கோட்டை, நசுங்காது' என்று சிலர் பெருமை பேசுவார்கள். வண்டி நசுங்காவிட்டால் அடி முழுவதும் ஆள் மேல்தான் விழும்.

சிலர் காரின் முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு மாட்டுகிறார்கள். அதுவும் தவறு. நசுங்க வேண்டிய பகுதியின் வேலையை அது கெடுக்கும். காற்றுப்பை சரியான நேரத்தில் விரியாமலும் போகலாம். மோதினால் நடந்து போகிறவருக்கும் அதிகக் காயம் உண்டாகும். அதனால் 2017 டிசம்பரில் மத்திய அரசு அதற்குத் தடை விதித்தது.

மூன்று மோதல்கள்

ஒரு விபத்தில் மூன்று மோதல்கள் நடக்கின்றன.

முதலில் வண்டி மோதுகிறது. வண்டி நின்றுவிடும். ஆனால் உள்ளே இருக்கும் ஆள் அதே வேகத்தில் முன்னால் போவார். ஸ்டியரிங் மேலோ கண்ணாடி மேலோ மோதுவார். இது இரண்டாவது மோதல். உடல் நின்ற பிறகும் மூளையும் ஈரலும் உள்ளே மோதும். இது மூன்றாவது மோதல். வெளியே காயம் இல்லாதவரும் சில சமயம் இறந்துபோவது இதனால்தான்.

ஓட்டுநர் இன்னொரு குவளையை ஓர் அட்டைப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டியைச் சுவரில் மோதும்படி தள்ளினார். குவளை உருண்டுபோய் மோதி விரிசல் விட்டது. வேறொரு குவளையைப் பெட்டியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார். மறுபடியும் தள்ளினார். குவளை அசையவில்லை.

"அந்தக் கயிறுதான் பெல்ட்" என்றார்.

தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் இந்த பெல்ட் 1959இல் சுவீடன் நாட்டில் வந்தது. வால்வோ கார் நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் அதை உருவாக்கினார். எல்லா நிறுவனங்களும் அதைப் பயன்படுத்தலாம் என்று வால்வோ அனுமதித்தது.

காற்றுப்பை இருந்தால் பெல்ட் வேண்டாம் என்று நினைக்கக் கூடாது. பெல்ட் போடாமல் முன்னால் பாய்பவரைக் காற்றுப்பையே காயப்படுத்தலாம்.

பின் இருக்கையிலும் பெல்ட் வேண்டும். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிர மாநிலம் பால்கர் அருகே ஒரு கார் பாலத்துச் சுவரில் மோதியது. விலை உயர்ந்த கார் அது. பின்னால் இருந்த இருவர் இறந்தார்கள். ஒருவர் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி. பின்னால் இருந்த இருவரும் பெல்ட் போடவில்லை என்று போலீசார் கூறினார்கள். முன்னால் இருந்த இருவரும் உயிர் பிழைத்தார்கள்.

வேகம் கூடினால்

60 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவது போன்றது. அதாவது நான்கு மாடிக் கட்டிடத்தின் மேலிருந்து விழுவதற்குச் சமம். வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்காகும்.

லாரியும் காரும் நேருக்கு நேர் மோதினால் காருக்குத்தான் அதிக அடி. கனமான லாரி லேசான காரைப் பின்னால் தள்ளிவிடும். கார் தாழ்வாக இருப்பதால் லாரிக்கு அடியில் புகுந்துவிடும். அப்போது காரின் நசுங்கும் பகுதி உதவாது.

லாரி ஓட்டுநருக்கும் ஆபத்து உண்டு. இன்றைய லாரிகள் பலவற்றுக்கு மூக்கு கிடையாது. ஓட்டுநருக்கு முன்னால் ஒரு தகடும் கண்ணாடியும்தான். நசுங்க இடம் குறைவு. சரக்கைச் சரியாகக் கட்டாவிட்டால் அதுவும் பின்னாலிருந்து பாயும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2014இல் இந்தியாவில் விற்கும் 5 சிறிய கார்களை வெளிநாட்டு அமைப்பு ஒன்று மோதவிட்டுப் பார்த்தது. வேகம் 64 கிலோமீட்டர். பெரியவர்களைக் காப்பதில் ஐந்தும் பூஜ்யம் வாங்கின. அவற்றில் காற்றுப்பை இல்லை.

பிறகு சட்டம் மாறியது. 2017 அக்டோபர் முதல் புதிய மாதிரிக் கார்கள் மோதல் சோதனையில் தேற வேண்டும் என்று வந்தது. 2019 ஜூலை முதல் காரில் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயம் ஆனது. 2023 அக்டோபரில் 'பாரத் என்கேப்' என்ற நம் நாட்டுச் சோதனை தொடங்கியது. இதில் கார்களுக்கு 5 நட்சத்திரம் வரை தருகிறார்கள். கார் வாங்குகிறவர் நட்சத்திரம் எத்தனை என்று கேட்கலாம்.

2022இல் நம் நாட்டுச் சாலைகளில் 1 லட்சத்து 68 ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் 16 ஆயிரம் பேருக்கு மேல் பெல்ட் போடாதவர்கள்.

தம்பி கேட்ட கேள்வி

எல்லாவற்றையும் கேட்ட தம்பி சற்று யோசித்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"அண்ணே, நாமக்கல்லிலிருந்து இதுவரைக்கும் நீங்க பெல்ட் போடலையே?"

ஓட்டுநர் பதில் சொல்லவில்லை. லாரியில் ஏறினார். இருக்கைக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். பெல்ட் தூசி படிந்து சிக்கிக் கிடந்தது. இருவரும் சேர்ந்து அதை வெளியே இழுத்தார்கள். ஈரத்துணியால் துடைத்தார்கள். தம்பியின் பக்கத்து பெல்ட்டையும் எடுத்துச் சரிசெய்தார்கள்.

"வகுப்புல கேட்டேன். வண்டியில மறந்துட்டேன். வீட்டுல மூணு பிள்ளைங்க இருக்கு தம்பி" என்றார் ஓட்டுநர்.

மறுநாள் மூட்டைகளை இறக்கினார்கள். லாரி ஊர் திரும்பப் புறப்பட்டது. சாவியைத் திருப்பும் முன் 'டக்' என்று இரண்டு சத்தம் கேட்டது.

நினைவில் வையுங்கள்

1. பெல்ட் இடுப்பு எலும்பின் மேலும் தோளின் மேலும் படிய வேண்டும். வயிற்றின் மேல் போடக் கூடாது. கர்ப்பிணிகள் வயிற்றுக்குக் கீழே போட வேண்டும்.
2. முன் இருக்கையில் குழந்தையை மடியில் வைக்காதீர்கள்.
3. எதிரே வரும் வண்டி தெரியாத வளைவில் முந்தாதீர்கள். எதிர்த்திசையில் ஓட்டாதீர்கள்.
4. விபத்தைக் கண்டால் 112 எண்ணை அழையுங்கள். உதவி செய்பவர் தம் பெயரைச் சொல்ல வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது.

விடை சொல்லுங்கள்

1. சாக்கின் மேல் போட்ட குவளை ஏன் உடையவில்லை?
2. விபத்தில் நடக்கும் மூன்று மோதல்கள் எவை?
3. காரின் முன்னால் இரும்புத் தடுப்பு ஏன் மாட்டக் கூடாது?

கலந்து பேசுங்கள்

உங்கள் ஊரில் வண்டி ஓட்டுபவர்கள் யார் யார்? அவர்களில் எத்தனை பேர் பெல்ட் போடுகிறார்கள்? போடாதவர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள்?